ஐந்து கிலோ ஹைட்ரஜனை எதற்குக் கொடுப்பது?

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலர் பூட்டியவர்கள் பகல் 3 மணி வரை அதை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். ஏப்ரல் 13 முதல் 21 வரை. தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, கறண்டுக்குத் தேவை குறைவு, வெயிலோ உச்சத்தில். அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் நாடு முழுக்க ஒரே நேரத்தில் கறண்ட் போயிருந்தது, தேவைக்கு மேல் கறண்ட் வந்தால் மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. காரணம் நியாயம்தான். ஆனால் வங்கியில் கடன் எடுத்துக் கூரை நிறையத் தகடு பூட்டியவர்களுக்கு வயிறு எரிந்தது.

கிழக்குக் கரையில், அக்கரைப்பற்றில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் அந்த நாட்களில் என்னிடம் கேட்டார். அவருடைய ஆலைக்கூரையில் 40 கிலோவாற் சோலர் பூட்டிக் கொடுத்தது நாங்கள்.

“தம்பி, இந்தக் கறண்டச் சும்மா உடாம ஹைட்ரஜனா மாத்தி லொறிக்கு அடிக்க ஏலாதா? ஜப்பான்ல கார் ஓடுதாமே.”

ஏலும் என்று சொன்னேன். பிறகு கடதாசியும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தக் கேள்வியை இப்போது பல பேர் கேட்கிறார்கள். தண்ணீரில் ஓடும் கார் என்று வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் எந்தக் காரும் ஓடாது. தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனை எடுக்கக் கறண்ட் வேண்டும். அந்தக் கறண்டில் ஒரு பங்குதான் திரும்பி வரும்.

நான் தம்பிலுவில்காரன். சோலர் வேலைக்கு வருவதற்கு முன் சவூதியில், ஜுபைலில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் பகுதியில் ஒப்பரேட்டராக இருந்தேன். இயற்கை வாயுவையும் நீராவியையும் 800 பாகைக்கு மேல் சூடான குழாய்களுக்குள் அனுப்பி, உள்ளே இருக்கும் நிக்கல் ஊக்கியின் உதவியோடு ஹைட்ரஜனைப் பிரிப்பார்கள். அந்த ஹைட்ரஜன் டீசலில் உள்ள கந்தகத்தை அகற்றப் போகும். உலகத்தில் இன்று கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும் பகுதி இப்படி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதுதான். 2022 இல் உலகம் முழுதும் பாவித்தது சுமார் 95 மில்லியன் தொன். அதில் சுத்தமான வழியில் வந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. வாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9, 10 கிலோ கார்பனீரொட்சைட்டு வானத்துக்குப் போகிறது. ஒரு கிலோவில் கார் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓடும். அப்படியானால் கிலோமீற்றருக்கு 90, 100 கிராம். நம்முடைய வீதிகளில் ஓடுகிற ஆக்வா ஹைபிரிட், லீற்றருக்கு 25 கிலோமீற்றர் கொடுத்தால் அதன் புகைக்குழாயிலும் ஏறக்குறைய இதே அளவுதான் வரும். பின்பக்கத்தால் தண்ணீர் மட்டும் சொட்டுகிறது என்று காட்டுகிற வீடியோவில் இந்தப் பாதிக் கதை வராது.

சரி, ஹாஜியார் கேட்டது வாயு ஹைட்ரஜன் இல்லையே, வெயில் ஹைட்ரஜன்தானே. அங்கே போவோம்.

தண்ணீரைக் கறண்டால் உடைத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் போகும். தண்ணீர் 9 லீற்றர் போதும், அது பிரச்சினையே இல்லை. எடுத்த வாயுவை 700 பார் அழுத்தத்துக்கு, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தின் சுமார் 700 மடங்குக்கு, அமுக்க வேண்டும். அடிக்கும்போது தாங்கி சூடாகாமல் இருக்க, வாயுவைச் சைபருக்குக் கீழே 40 பாகை அளவுக்குக் குளிரூட்ட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கிலோவுக்கு 60 யூனிட் என்று வைத்துக்கொண்டேன். ஆலைக்கூரை நல்ல வெயில் நாளில் 150 யூனிட் தரும். ஆக ஒரு நாள் முழுதும் சேர்த்தால் இரண்டரைக் கிலோ ஹைட்ரஜன். டொயோட்டா மிராய் என்கிற ஹைட்ரஜன் காரில் ஊற்றினால் 250 கிலோமீற்றர். அதே 150 யூனிட்டை ஒரு சாதாரண மின்சாரக் காரின் பேட்டறியில் ஏற்றினால் 800 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்.

லொறியைப் பற்றித்தானே அவர் கேட்டார். சுவிற்சர்லாந்தில் ஓடும் ஹியுண்டாயின் ஹைட்ரஜன் லொறி சுமார் 32 கிலோவில் 400 கிலோமீற்றர் போகிறது. இரண்டரைக் கிலோவில் 30 கிலோமீற்றர். அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது தாண்டிக் கல்முனை வரை போகலாம், திரும்பி வர எண்ணெய் இருக்காது. அவ்வளவு பெரிய லொறி ஹாஜியாரிடம் இல்லை, அவரிடம் இருப்பது கென்டர் என்கிற சின்ன லொறிகள்தான். ஆனாலும் அளவு விளங்கிவிட்டது அவருக்கு. கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவும் சொன்னதால் ஹைட்ரஜன் கார் கூடாத கார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கார் அருமையான கார். 2014 டிசம்பரில் டொயோட்டா முதல் மிராயை ஜப்பானில் விற்கத் தொடங்கியது. 2020 இல் இரண்டாவது வந்தது. மூன்று தாங்கிகளில் 5.6 கிலோ ஹைட்ரஜன், அமெரிக்க அளவீட்டில் சுமார் 647 கிலோமீற்றர். ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். தாங்கி கார்பன் நாரைச் சுற்றிச் சுற்றிச் செய்தது. உள்ளே கறண்ட் உண்டாக்குகிற எரிபொருட்கலத்தைத் திறந்து பார்க்கிற எந்த மெக்கானிக்கும் மெச்சுவான். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பிளாட்டினம் பூசிய மெல்லிய சவ்வுகளில் சேர்ந்து கறண்டாகவும் தண்ணீராகவும் மாறுகின்றன. எரிவது ஒன்றும் இல்லை, சத்தமும் குறைவு.

இங்கேதான் என் அக்காவின் மகன் வருகிறான். ஜப்பான் ஏலத் தளங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான். வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை.

“மாமா, இதப் பாருங்க. மிராய் எவ்வளவு மலிவாப் போகுது. ரெண்டு எடுத்தமெண்டா நல்ல லாபம்.”

புதிதாக வந்தபோது 72 இலட்சம் யென்னுக்கு மேல் விலை. பழையது அதில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது, உண்மைதான். ஏன் அந்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று அவனிடம் கேட்டேன். பதில் எண்ணெய் மூடிக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. ஹைட்ரஜன் அடிக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், இந்தத் திகதிக்குப் பிறகு நிரப்பக் கூடாது என்று. ஜப்பான் சட்டப்படி தாங்கியின் ஆயுள் செய்த நாளிலிருந்து 15 வருடம். 2015 இல் செய்த கார் 2030 உடன் நிற்கும். தாங்கியை மாற்றலாம், ஆனால் அந்தக் காசுக்கு வேறு கார் வாங்கிவிடலாம். இறக்குமதிக்கு இருக்கிற வயதுக் கட்டுப்பாடு வேறு. அதையெல்லாம் விட்டாலும், கொண்டுவந்து இறக்கிய பிறகு பொத்துவில் முதல் வாழைச்சேனை வரை எந்த எரிபொருள் ஷெட்டில் போய் ஹைட்ரஜன் அடிப்பாய் என்று கேட்டேன். அவன் யோசித்தான். இந்த யோசனை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பத்து வருடமாக நடக்கிறது.

கார் விற்பவனுக்கு ஷெட் வேண்டும். ஷெட் போடுபவனுக்குக் கார் வேண்டும். யார் முதலில் காசைப் போடுவது, கார் வந்து சேரும் வரை நட்டத்தை யார் தாங்குவது? ஹைட்ரஜன் காரின் வியாபாரம் முழுதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது, பொறியியலில் நிற்கவில்லை.

கலிபோர்னியாவில் அரசாங்கம் ஷெட்டுகளுக்கு மானியம் கொடுத்தது. டொயோட்டா மிராய் வாங்குபவர்களுக்கு 15,000 டொலர் எரிபொருள் அட்டையை இலவசமாகக் கொடுத்தது. கேட்பதற்கு நல்ல வியாபாரம். கிலோ 16 டொலராக இருந்தபோது அந்த அட்டையில் 160 தடவைக்கு மேல் தாங்கி நிரப்பலாம். 2023 இல் பல ஷெட்டுகளில் கிலோ 36 டொலர் ஆனது. அப்போது 74 தடவைதான். ஒரு தடவை நிரப்ப 200 டொலர். அட்டை முடிந்தவர்கள் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்கலாம் என்றால் வாங்குபவரும் அதே 200 டொலரைத்தான் கணக்குப் பார்ப்பார். 2024 பெப்ரவரியில் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கு வைத்திருந்த 7 ஹைட்ரஜன் நிலையங்களையும் நிரந்தரமாக மூடியது. ஹொண்டா தன் கிளாரிட்டி ஹைட்ரஜன் காரை 2021 இலேயே நிறுத்திவிட்டு, 2024 இல் சி.ஆர்.வி ஒன்றை வேறு விதமாகக் கொண்டுவந்தது. அதில் ஹைட்ரஜனும் உண்டு, வீட்டில் பிளக்கில் மாட்டி ஏற்றுகிற பேட்டறியும் உண்டு. ஷெட் மூடியிருக்கிற நாளில் பேட்டறியில் வீடு போய்ச் சேரலாம். அதைச் செய்த பொறியியலாளர்கள் ஷெட்டை எவ்வளவு நம்பினார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே 2014 இல் இவாத்தானி நிறுவனம் கிலோ 1,100 யென் என்று விலை வைத்தது. அது உண்டாக்கும் செலவைப் பார்த்து வைத்த விலை இல்லை. ஹைபிரிட் காருக்குப் பெற்றோல் அடிக்கிற செலவுக்குச் சமமாக வர வேண்டும் என்று வைத்த விலை. 2018 இல் கார் நிறுவனங்கள், எரிவாயு நிறுவனங்கள், நிதி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஷெட் போடுவதற்கென்றே ஒரு கூட்டுக் கம்பனி தொடங்கினார்கள். நட்டத்தைப் பலர் தோளில் பிரித்துத் தாங்குவதுதான் அந்த ஏற்பாடு. அரசாங்கமும் பெரிய பங்கைப் போடுகிறது. கடன் கிடைக்கிற, பொறுமையுள்ள நாடு. அவர்களுக்கு அது ஒரு நீண்ட காலக் கணக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். 2022 இல் கப்பலில் வந்த எண்ணெய்க்கே கட்ட டொலர் இல்லாமல் நின்ற நாடு நாம். அந்தக் கணக்கை நம்மால் போட முடியாது.

ஓரிடத்தில் மட்டும் இது நன்றாக ஓடுகிறது: வண்டி எல்லாம் மாலையில் ஒரே முற்றத்துக்குத் திரும்பி வருகிற தொழிலில். அமெரிக்காவில் பெரிய களஞ்சியசாலைகளுக்குள் பொதி தூக்குகிற போர்க்லிப்டுகள் பல்லாயிரம் ஹைட்ரஜனில் ஓடுகின்றன. மூன்று ஷிப்ட் வேலை, பேட்டறி ஏற நேரம் கிடையாது, களஞ்சியத்துக்கு ஒரு பம்ப் இருந்தால் எல்லா வண்டிக்கும் போதும். வாடிக்கையாளர் வருவாரா என்ற கேள்வியே அங்கே எழாது. சுவிஸ் லொறிகளின் வியாபாரம் இன்னும் புத்திசாலித்தனமானது. 2020 இல் தொடங்கியபோது லொறியை விற்கவில்லை. ஓடுகிற கிலோமீற்றருக்குக் காசு. லொறி, ஹைட்ரஜன், பராமரிப்பு எல்லாம் அந்த ஒரு விலைக்குள். ஹைட்ரஜன் நீர்மின்சாரத்தில் எடுத்தது. அங்கே கனரக வாகனங்களுக்குத் தூரத்தைப் பொறுத்துப் பெரிய வீதி வரி உண்டு, புகை விடாத லொறிக்கு அது கிடையாது. அந்த வரி மிச்சம்தான் ஹைட்ரஜனின் கூடுதல் விலையை ஈடுசெய்தது. இப்படி மூன்று நான்கு சங்கதி ஒரே இடத்தில் கூடினால்தான் கணக்கு நேராகிறது. பிரான்சின் மொண்ட்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ் எடுக்கத் திட்டமிட்டிருந்து, 2022 ஜனவரியில் கைவிட்டது. கிலோமீற்றருக்கு ஹைட்ரஜன் பஸ்ஸுக்கு 95 யூரோ சதம், மின்சார பஸ்ஸுக்கு 15 யூரோ சதம் செலவு என்று நகர நிர்வாகம் கண்டது. மானியம் கிடைத்தது பஸ் வாங்குவதற்கு. தினமும் ஓட்டுகிற செலவு நகரத்தின் தலையில். நம்முடைய பக்கத்திலும் எத்தனையோ திட்டங்கள் திறப்பு விழாவோடு நிற்பதற்கு இதுதான் காரணம். கட்டடத்துக்குக் காசு வரும், அடுத்த வருடக் கறண்ட் பில்லுக்கு வராது.

நம்முடைய கரைக்கு ஹைட்ரஜனைக் கொண்டுவருவதே ஒரு வியாபாரப் பிரச்சினை. கொழும்பில் உண்டாக்கினாலும் இங்கே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டும். உருக்குக் குழாய்கள் அடுக்கிய பெரிய ட்ரெயிலர் ஒன்றில், 200 பார் அளவில், முந்நூறு நானூறு கிலோ ஹைட்ரஜன்தான் கொண்டுவரலாம். வண்டியின் பாரம் முழுதும் உருக்கின் பாரம். 350 கிலோ என்று வைத்தால் 70 காருக்குக் காணும். இப்போது நம்முடைய ஷெட்டுகளுக்கு வருகிற 33,000 லீற்றர் பவுசர் ஒன்று, காருக்கு 35 லீற்றர் என்றால் 900 காருக்கு மேல் நிரப்பும். ஒரு பவுசர் ஓடுகிற வேலைக்குப் பதின்மூன்று ட்ரெயிலர் மகியங்கனை மலையிலோ ஹபரணை வழியாகவோ ஓட வேண்டும், ட்ரைவர் கூலி, டயர், டீசல் எல்லாம் பதின்மூன்று மடங்கு.

அடுத்தது பயம். ஹைட்ரஜன் வெடிக்கும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு, ஒன்றும் ஆகாது என்பவர்களும் உண்டு. அதோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன்.

ஜுபைலில் எனக்கு வேலை பழக்கிய கேரளத்து மூத்த ஒப்பரேட்டர் ஒருவர் கொம்பிரசர் பக்கம் போகும்போது கையில் நீண்ட பிடி போட்ட விளக்குமாறு ஒன்றை எடுத்துக்கொள்வார். முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, குழாய் இணைப்புகளின் பக்கமாக அசைத்து அசைத்து நடப்பார். ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. புகையும் இல்லை. பெற்றோல் நெருப்பு மாதிரி தூரத்திலிருந்து முகத்தில் சூடு அடிக்காது, அதற்குள் கையை விடுகிற வரை தெரியாது. விளக்குமாற்றின் நுனி திடீரென்று பற்றினால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம். வாயு உணரிகளும், சுவாலையைக் காட்டும் கருவிகளும் ஆலை நிறைய இருந்தன. அவர் அவற்றையும் பார்ப்பார், விளக்குமாற்றையும் விட மாட்டார். உலகத்தில் பல ஆலைகளில் இந்தப் பழக்கம் இருந்தது.

இந்த வாயு காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும், 75 சதவீதம் வரை பற்றும். பற்றவைக்க மிகச் சிறிய பொறி போதும், சட்டையில் உண்டாகும் மின்னேற்றம் கூடப் போதும். அதே நேரம் காற்றைவிட மிக மிக இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். பெற்றோல் ஆவி மாதிரி நிலத்தில் படர்ந்து கிடக்காது. ஆகவே வெளியே ஓடுகிற காரைப் பற்றி எனக்குப் பயமில்லை. மூடிய கராஜுக்குள், தகரக் கூரைக்குக் கீழே தங்கினால்தான் பயம்.

2019 ஜூனில் நோர்வேயின் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தபோது கண்டது, உயர் அழுத்தத் தாங்கியின் அடைப்பில் இருந்த போல்ட்டுகள் போதிய அளவு இறுக்கப்படவில்லை. வாயு மெல்ல மெல்லக் கசிந்து வழி உண்டாக்கியிருக்கிறது. டொயோட்டாவும் ஹியுண்டாயும் அந்த நாட்டில் ஹைட்ரஜன் கார் விற்பனையைச் சில காலம் நிறுத்தின. அதே மாதம் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில், ட்ரெயிலருக்கு ஹைட்ரஜன் நிரப்பும் இடத்தில் விபத்து. அந்த ஓர் இடம் நின்றதால் சான் பிரான்சிஸ்கோப் பக்கத்து ஷெட்டுகள் மாதக்கணக்கில் வாயு இல்லாமல் தவித்தன. போல்ட் இறுக்குவது சின்ன வேலை. ஆனால் ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு போல்ட்டையும், அளவு கருவி வைத்து இறுக்கி, எழுதிக் கையெழுத்து வைத்து, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் வளர்க்கலாம். பெரிய ஆலை ஒன்றில் அது சாத்தியம். கரை நெடுக ஷெட் ஷெட்டாக அதை எதிர்பார்ப்பது கடினம். அதோடு நம்முடைய கடற்காற்று. உப்பு நான் பூட்டுகிற சோலர் சட்டங்களின் போல்ட்டுகளைத் தின்பதைத் தினமும் பார்க்கிறேன். கல்லடியிலும் திருக்கோவிலிலும் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குத் துருப்பிடிக்காத உருக்குத்தான் போட வேண்டும் என்று சண்டை பிடித்துப் போடுகிறேன். 700 பாரில் நிற்கும் குழாய்களை அந்தக் காற்றில் விட்டுவிட்டு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஹாஜியாருக்குக் கடைசியில் என்ன சொன்னேன் என்றால், நெல் அவிப்பதற்கான தண்ணீர் இறைப்பது, உலர்த்தியின் விசிறி, குற்றும் யந்திரம் எல்லாவற்றையும் காலை பத்து மணி முதல் மூன்று மணிக்குள் ஓட்டுகிற மாதிரி ஆட்களின் நேரத்தை மாற்றுங்கள். வெயில் கறண்ட் உண்டாகிற இடத்திலேயே செலவானால் யாரும் அணைக்கச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, சாதாரண இன்வேர்ட்டரை, பேட்டறியையும் சேர்த்து இயக்குகிற ஹைபிரிட் இன்வேர்ட்டராக மாற்றி ஒரு பேட்டறி தொகுதி போடுங்கள். பல பேருக்குத் தெரியாத ஒன்று: வெளியே கறண்ட் போனால் கூரையில் வெயில் கொளுத்தினாலும் சாதாரண சோலர் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர்களின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது, கூரை நிறையத் தகடு வைத்துக்கொண்டு இருட்டில் இருந்த வீடுகளை நான் பார்த்தேன். பேட்டறி இருந்த வீடு இயங்கியது. மூன்றாவது, கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் அரிசி போடுகிற சின்ன லொறியை அடுத்த முறை மாற்றும்போது மின்சார லொறியாகப் பாருங்கள். தினமும் போய்த் திரும்புகிற தூரம், பகலில் ஆலை முற்றத்தில் நிற்கிற நேரம், இரண்டும் அதற்குப் பொருந்துகிறது. கொழும்புக்கு அரிசி ஏற்றும் பெரிய லொறி இன்னும் பல காலம் டீசலில்தான் ஓடும், அதை மறைக்கத் தேவையில்லை.

அந்த 2022 எண்ணெய் வரிசை யாருக்கும் மறந்திருக்காது. எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுத்த கியூ.ஆர் அட்டையில் ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். ஷெட் வாசலில் இரவு பாயைப் போட்டுப் படுத்தோம். அதனால்தான் இந்த எண்ணெயை விட்டு எப்படியாவது வெளியே வர வேண்டும் என்ற தவிப்பு எல்லாரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. ஆனால் பவுசருக்குக் காத்திருந்ததை விட்டு ட்ரெயிலருக்குக் காத்திருக்கப் போனால் நமக்கு என்ன விடுதலை?

ஹைட்ரஜனை நான் வேறொரு இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்களுக்குச் சாகாமத்தில் வயல் இருக்கிறது. யூரியா எதிலிருந்து வருகிறது? அமோனியாவிலிருந்து. அமோனியா? ஹைட்ரஜனும் காற்றிலுள்ள நைதரசனும் சேர்ந்து. 50 கிலோ யூரியாப் பை ஒன்றுக்கு 28 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் அமோனியா வேண்டும், அந்த அமோனியாவுக்குள் இருப்பது 5 கிலோ ஹைட்ரஜன். மிராய் காரின் தாங்கி நிறைய எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. அந்த 5 கிலோவைக் காரில் ஊற்றினால் ஒருவர் கொழும்புக்குப் போய்த் தம்பிலுவிலுக்குத் திரும்பாமலே தீர்ந்துவிடும். வயலில் போட்டால் அரை ஏக்கர் வெள்ளாண்மைக்கு ஒரு போகத்துக்குக் காணும். காருக்குப் பேட்டறி இருக்கிறது. யூரியாவுக்கு ஹைட்ரஜனை விட்டால் வேறு வழி இல்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது, பசளை இல்லை. எங்கள் பக்கத்தில் கதிர் நிமிர்ந்து நின்றது. கதிரில் பாரம் இருந்தால்தானே தலை சாயும். வெட்டு மெசின்காரர் ஏக்கருக்குக் கூலி கேட்கக் கூச்சப்பட்டார். அம்பாறை நாட்டுக்கே நெல் கொடுக்கிற மாவட்டங்களில் முன்னுக்கு நிற்பது. அந்த மாவட்டத்து வயல்காரர்கள் அடுத்த போகத்துக்கு அரிசியைக் கடையில் வாங்கினார்கள். பிறகு யூரியா கிடைத்தபோது வெளியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று பை விலை போனது. எங்கோ ஒரு நாட்டில் இயற்கை வாயு விலை ஏறினால் சாகாமத்தில் வெள்ளாண்மை மஞ்சளாகிறது. அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்ததால் எனக்கு இது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது.

ஒரு பை யூரியாவுக்கான ஹைட்ரஜனை வெயிலில் எடுக்க 275 யூனிட் வேண்டும். பிறகு அமோனியா ஆக்குகிற செலவு வேறு, யூரியா ஆக்கக் கார்பனீரொட்சைட்டு வேறு வேண்டும். இன்றைக்கு இயற்கை வாயுவில் செய்கிற யூரியாவை விட விலை கூடத்தான் வரும். இதை ஒரு ஆலைக்கூரையில் செய்ய முடியாது, நாடு செய்ய வேண்டிய வேலை. ஆனால் புத்தாண்டு விடுமுறையில் அணைக்கச் சொன்ன அந்தக் கறண்டுக்கு இது பொருத்தமான வேலை. ஓரிடத்தில் ஒரு பெரிய ஆலை, பயிற்சி பெற்ற ஆட்கள், வாங்குவதற்கு ஒவ்வொரு போகமும் காத்திருக்கும் வயல்கள். வாடிக்கையாளர் வருவாரா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. ஒலுவில் பக்கமோ வாழைச்சேனைப் பக்கமோ அப்படி ஒன்று வருமென்றால் சோலர் வேலையைத் தம்பிமாரிடம் கொடுத்துவிட்டு, நீண்ட பிடி போட்ட விளக்குமாறு ஒன்றோடு முதல் ஷிப்டுக்கே போய்விடுவேன்.